13 மாதம் கையில் இருக்கிறது: சபைக்குப் பிடிக்கிற வயலின் கான்செர்ட்டோ எது?

இரண்டாம்வயலின்:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் மயக்க மருந்து டாக்டர். செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்து வாசிக்கிறேன். எல்லோரும் வேறு வேலை பார்ப்பவர்கள், சம்பளம் கிடையாது, நாம்தான் சந்தா கட்ட வேண்டும். ஒவ்வொரு மார்ச் கச்சேரியிலும் எங்களுக்குள்ளேயே ஒருவரை முன்னால் நிறுத்தி ஒரு கான்செர்ட்டோ, அதாவது ஒருவர் சோலோவாக வாசிக்க ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கும் உருப்படி, வாசிக்க வைப்பார்கள். இந்த வருடம் கிளாரினெட், போன வருடம் செல்லோ. அடுத்த மார்ச்சுக்கு நீ வாசிக்கிறாயா என்று போன வாரம் ஒத்திகை இடைவேளையில் கண்டக்டர் கேட்டார், ஏதோ பிஸ்கட் வேண்டுமா என்று கேட்கிற தொனியில். நானும் டீ குடித்துக்கொண்டே தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

என்னைப் பற்றி: எட்டு வயதில் திருச்சியில் கர்நாடக வயலின், தரையில் உட்கார்ந்து, வர்ணம் வரைக்கும். அப்பாவுக்கு சென்னைக்கு மாற்றல் ஆனதும் மேற்கத்திய வயலினுக்கு மாறி கிரேடு 8 முடித்தேன். எம்.பி.பி.எஸ். படித்த வருடங்களில் பெட்டியைத் திறக்கவே இல்லை. இங்கே வந்து மறுபடி ஆறு வருடமாக டீச்சரிடம் போகிறேன். கான்செர்ட்டோக்களில் பாக்கின் ஏ மைனர், மொசார்ட்டின் 3ஆவது இரண்டும் முழுதாக வாசித்திருக்கிறேன், ப்ருக் எழுதிய ஜி மைனரின் முதல் பகுதியை பியானோவோடு ஒரே ஒரு தடவை. விரல் குட்டை. ஆக்டேவ் (ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்துப் பிடிப்பது) ஏறும்போது சுண்டுவிரல் கொஞ்சம் சுருதி குறைந்துதான் நிற்கும். தினம் முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது, நைட் டூட்டி வாரத்தில் அதுவும் கிடையாது.

கேட்க வருபவர்கள் இருநூறு பேர் இருப்பார்கள். தேவாலயத்தில் கச்சேரி. வாசிப்பவர்களின் வீட்டார், அக்கம்பக்கத்தார், ஓய்வு பெற்றவர்கள், மடியில் சில குழந்தைகள். என் கணவரும் வருவார். அவருக்கு ராஜா பாட்டைத் தவிர எதைப் போட்டாலும் பதினைந்தாவது நிமிடத்தில் தலை சாய்ந்துவிடும். அவர் விழித்திருக்க வேண்டும், அதுதான் என் அளவுகோல்.

டீச்சர் மெண்டல்சனின் கான்செர்ட்டோவை எடு என்கிறார். கண்டக்டருக்கு 30 நிமிடத்துக்குள் எதுவானாலும் சரி. எனக்கோ பதினாறு வயதிலிருந்தே சாய்கோவ்ஸ்கி மேல்தான் ஆசை. கஷ்டமானதை எடுத்து ஒப்பேற்றுவதா, கைக்கு அடங்கினதை எடுத்துக் கச்சேரி சப்பென்று போவதா? மேடையில் நின்றவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள், சும்மா கேட்டவர்கள், எல்லோரும் சொல்லுங்கள்.

பசூன்காரர்:

டாக்டர், வாழ்த்துகள். முதலில் ஒன்று சொல்லுங்கள், உங்கள் குழுவில் ஹார்ன் என்ற பித்தளைக் குழல் ஊதுகிறவர்கள் எத்தனை பேர்?

சிரிக்காதீர்கள். 22 வருடமாக லண்டன் பக்கம் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராக்களில் பசூன் என்ற நீளமான மரக்குழல் ஊதுகிறேன், சோலோ வாசிப்பவர் தன் பகுதியை மட்டும் பார்த்து கான்செர்ட்டோவைத் தேர்ந்தெடுத்துவிட்டு பிறகு கமிட்டி தலையில் துண்டு போட்டுக்கொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மெண்டல்சனுக்கு 2 ஹார்ன் போதும். ப்ருக், சாய்கோவ்ஸ்கி இரண்டுக்கும் 4 வேண்டும். சிபேலியஸ் எடுத்தால் 4 ஹார்னோடு 3 ட்ரோம்போனும். மொசார்ட்டின் 5ஆவதற்கு இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், மற்றதெல்லாம் தந்திகள், அவ்வளவுதான். சாமுவேல் பார்பர் மாதிரி இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களிடம் போனால் இன்னும் காப்புரிமை இருக்கிறது, பார்ட்டுகளை, அதாவது ஒவ்வொருவரும் பார்த்து வாசிக்கும் இசைத்தாள்களை, வாடகைக்கு எடுக்க வேண்டும். மெண்டல்சனும் ப்ருக்கும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வெளியிலிருந்து ஹார்ன் ஆட்களைக் கூப்பிட்டால் பெட்ரோல் காசும் சாப்பாடும் கொடுக்க வேண்டும், இதெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை.

இப்போது என் சுயநலக் கட்சி. மெண்டல்சனில் எனக்கு ஒரு இடம் உண்டு. முதல் பகுதி மூச்சு முட்ட ஓடி முடிந்து எல்லோரும் நிறுத்துவார்கள், முதல் பசூன் மட்டும் 'பி' ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்புறம் மெதுவாக அரை ஸ்வரம் ஏறி 'சி'க்குப் போவான், அங்கிருந்து இரண்டாம் பகுதி கிளம்பும். நடுவில் கைதட்ட வழியில்லாமல் மெண்டல்சன் போட்ட தாழ்ப்பாள் அது. அந்த ஒரு ஸ்வரத்துக்காக வீட்டில் ஒரு வாரம் ரீட் (பசூனில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு) சீவிக்கொண்டிருந்தவன் நான்.

ஆனாலும் உங்கள் குழுவுக்கு அதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, காரணம் கடைசிப் பகுதி. அது சோலோவுக்கு மட்டும் கஷ்டம் இல்லை. ஃப்ளூட்டும் கிளாரினெட்டும் வயலினோடு ஒட்டிக்கொண்டு, சத்தமே போடாமல், ஓட்டின் மேல் அணில் ஓடுகிற மாதிரி ஓட வேண்டும். அமெச்சூர் குழுக்களுக்கு வேகமாக வாசிக்க வரும், மெதுவான சத்தத்தில் வாசிக்க வரும், இரண்டும் சேர்ந்து வராது. ஒரு தடவை எங்கள் கச்சேரியில் சோலோ வாசித்த பெண் ஒரு பக்கம், நாங்கள் இன்னொரு பக்கம், கண்டக்டர் நடுவில் யார் பின்னால் போவது என்று தெரியாமல் கையை வீசிக்கொண்டிருந்தார். எட்டு பார் (தாளக் கட்டம்) தள்ளித்தான் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தோம். அந்தப் பெண் மேல் தப்பே இல்லை.

ப்ருக்கில் எங்களுக்கு மூச்சுவிட இடம் இருக்கும். கூட வாசிப்பவர்களுக்கு முழங்கித் தீர்க்கவும் ஒரு பெரிய இடம் உண்டு, அதனால் ஒத்திகைக்கு ஆள் வரும். அதையும் கணக்கில் எடுங்கள். சபைக்குப் பிடிக்குமா என்ற சந்தேகமே வேண்டாம், இங்கே கிளாசிக் எஃப்.எம். வானொலி நேயர்களிடம் வாக்கெடுப்பு ஆரம்பித்த 1996லிருந்து 2000 வரை வரிசையாக ஐந்து வருடமும் முதலிடத்தில் இருந்தது ப்ருக்கின் இந்த ஜி மைனர்தான்.

மயிலாப்பூர்டீச்சர்:

முப்பது வருடமாக மேற்கத்திய வயலின் சொல்லிக் கொடுக்கிறேன், கான்செர்ட்டோ கேள்வி என்றால் சும்மா இருக்க முடியாது.

சாய்கோவ்ஸ்கியை முதலில் ஓரம் கட்டிவிடலாம். 35 நிமிடம், அதில் முதல் பகுதியே பாதிக்கு மேல். உங்கள் கண்டக்டரின் 30 நிமிடக் கணக்கிலேயே வராது. முதல் பகுதியை மட்டும் வாசிக்கலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள், ஆனால் அதில் ஒரு காடென்சா உண்டு, ஆர்கெஸ்ட்ரா நிறுத்திவிட சோலோ மட்டும் தனியாக வித்தை காட்டும் இடம், முக்கால் மணி நேரப் பயிற்சியில் அது கைக்கு வராது. 1878ல் சாய்கோவ்ஸ்கி எழுதி முடித்தபோது லியோபோல்ட் ஆவர் மாதிரி ஒரு வயலின் மேதையே வாசிக்கத் தயங்கி ஒதுங்கினார், கடைசியில் 1881 டிசம்பரில் வியன்னாவில் அடால்ஃப் ப்ராட்ஸ்கிதான் அரங்கேற்றினார். ஆவரே ஒதுங்கினதை நாமும் ஒதுக்கினால் அவமானம் ஒன்றும் இல்லை.

மெண்டல்சன் பற்றி மாணவர்களுக்கெல்லாம் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, அது 'பெரிய கான்செர்ட்டோக்களில் சுலபமானது' என்று. வாசிக்க முடிகிறது என்பது உண்மை, மறைக்க முடியாது என்பதும் உண்மை. அந்த ஆரம்பத்தை எண்ணிப் பாருங்கள். ஆர்கெஸ்ட்ரா சலசலக்கத் தொடங்கி இரண்டாவது பாரிலேயே நீங்கள் ஈ தந்தியில் மேலே போய் நின்று பாட வேண்டும். இந்த ஆரம்பம் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்து நிம்மதியே தரவில்லை என்று மெண்டல்சன் 1838ல் தன் நண்பர் ஃபெர்டினாண்ட் டேவிடுக்குக் கடிதம் எழுதினார், ஏழு வருடம் கழித்து 1845 மார்ச்சில் லைப்சிக்கில் டேவிட் அதை வாசித்தார். அவருக்கு நிம்மதி தரவில்லை, வாசிக்கிற நமக்கும் தருவதில்லை! கை இன்னும் சூடாகியிருக்காது, நெஞ்சு படபடக்கும், வில் நடுங்கினால் அந்த மெல்லிய சத்தத்தில் கடைசி வரிசை வரைக்கும் தெரியும். முதல் பக்கம் முடிவதற்குள் மூன்று மூன்று ஸ்வரமாக ஒரு ட்ரிப்லெட் ஓட்டம், அதையடுத்து ஆக்டேவ் ஏற்றம். உங்கள் சுண்டுவிரல் எங்கே மாட்டும் என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

அதில் அழகான இடங்கள் கோடி. இரண்டாவது தீம் (முக்கிய மெட்டு) வரும்போது வயலின் கீழே இறங்கி ஜி தந்தியைச் சும்மா இழுத்துக்கொண்டே நிற்கும், கிளாரினெட்டும் ஃப்ளூட்டும் மேலே பாடும். சோலோ வாசிப்பவரே தம்புரா ஆகிவிடுகிற இடம். கர்நாடகத்தில் ஆரம்பித்த என் மாணவர்கள் எல்லோருக்கும் அது பிடிக்கும். காடென்சாவையும் வழக்கம்போல் கடைசியில் வைக்காமல் நடுவில் வைத்து, வில் துள்ளித் துள்ளி நாலு தந்தியிலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்கெஸ்ட்ரா முதல் தீமோடு அடியில் நுழைவது, அதைக் கேட்டு மயங்காதவர்கள் கிடையாது. எடுப்பதானால் இதற்காகத்தான் எடுக்க வேண்டும்.

ப்ருக் எப்படி ஆரம்பிக்கிறது? டிம்பனி முரசு மெதுவாக உருளும், குழல்கள் ஒரு சின்ன வாக்கியம் சொல்லும், வயலின் தனியாக, ஜி தந்தியில், விரலே வைக்காமல் திறந்த தந்தியில் தொடங்கும். நடுங்குகிற கைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரிந்து இல்லை. வில்லை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அங்கிருந்து தாளக் கட்டு இல்லாமல் மேலே ஏறிப் போகிறீர்கள், கிட்டத்தட்ட ஆலாபனை மாதிரி, உங்கள் அவசரத்துக்கு யாரும் கூட ஓடி வர வேண்டியதில்லை, கண்டக்டர் உங்களுக்காகக் காத்திருப்பார். ஜி மைனர் என்பதால் கீழ்த் தந்திகள் இரண்டும் தாமாகவே முழங்கும். சுமாரான வயலின்கூட அதில் பெரிய வயலினாகக் கேட்கும். ஏ மைனர், டி மைனரிலும் இந்தச் சௌகரியம் உண்டு, பி ஃப்ளாட் மைனரில் வாசித்துப் பாருங்கள், பெட்டிக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும்.

கஷ்டம் எங்கே? கடைசிப் பகுதியின் முக்கியத் தீமே டபுள் ஸ்டாப்பில் வருகிறது. இரண்டு விரல் ஒரே நேரத்தில் சுருதியாக விழ வேண்டும். ஆனால் ஆக்டேவ் அளவுக்கு விரல் விரியத் தேவையில்லாத இடம் நிறைய, கொஞ்சம் பிசகினாலும் அந்த ஆரவாரத்தில் அடிபட்டுப் போகும். மெண்டல்சனில் அடிபடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு சோதனை செய்யுங்கள். நைட் டூட்டி முடிந்து வந்த காலையில், கையைச் சூடாக்காமல், ஸ்கேல் வாசிக்காமல், மெண்டல்சன் முதல் பக்கமும் ப்ருக் முதல் பக்கமும் ஒரே ஒரு தடவை வாசித்து போனில் பதிவு செய்யுங்கள். இப்படி மூன்று காலை. மேடையில் நிற்கப்போவது அந்த டாக்டர்தான், ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் நிதானமாக வாசிக்கிற டாக்டர் இல்லை.

டிக்கெட்வாங்கி:

நான் வாசிப்பவன் இல்லை, காசு கொடுத்து உட்காருபவன். அதனால் என் ஓட்டுக்கு இரண்டு மதிப்பு.

எங்களுக்கு ஆக்டேவ் எல்லாம் தெரியாது. எனக்கு நினைவில் நிற்பது மூன்றுதான். ஆரம்பத்தில் சீக்கிரம் வயலின் வர வேண்டும். ஒரு தடவை பீத்தோவன் கேட்டேன், அந்த அம்மா மூன்று நிமிடத்துக்கு மேல் வயலினை வைத்துக்கொண்டு சும்மா நின்றார், எனக்கே அவருக்காகக் கால் வலித்தது. இரண்டாவது, நடுவில் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுக்கிற மாதிரி ஒரு மெட்டு. மூன்றாவது, முடிவில் வேகம் பிடித்து நிற்கிற மாதிரி முடிய வேண்டும், அமைதியாகக் கரைந்து முடிந்தால் எப்போது கைதட்டுவது என்று பக்கத்துச் சீட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாய்கோவ்ஸ்கி முதல் பகுதி முடிந்ததும் நான் எழுந்து நின்று கைதட்டினேன், முன் வரிசைப் பெரியவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் நான் யாராவது ஆரம்பித்த பிறகுதான் தட்டுகிறேன்.

இன்னொன்று. வாசிப்பதற்கு முன் இரண்டு வார்த்தை பேசுங்கள். ஒரு ப்ருக் கச்சேரியில் வாசித்தவர் கையில் மைக் பிடித்து ஒரே நிமிடம் கதை சொன்னார். இந்தக் கான்செர்ட்டோவை ப்ருக் ஒரே தொகைக்குப் பதிப்பாளரிடம் விற்றுவிட்டார், உலகமெல்லாம் வாசித்தும் அப்புறம் ஒரு காசு வரவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் வறுமையில் கையெழுத்துப் பிரதியை அமெரிக்காவில் விற்றுத் தரச் சொல்லி சுட்ரோ சகோதரிகள் என்ற இரண்டு பியானோக்காரர்களிடம் கொடுத்தார், பணம் வருவதற்குள் 1920ல் இறந்துபோனார், அப்புறம் வீட்டாருக்கு வந்தது மதிப்பிழந்த ஜெர்மன் நோட்டுகள். அந்தப் பிரதி இன்று நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அவர் அந்த மெதுவான நடுப்பகுதியை வாசித்தபோது என் பக்கத்தில் யாரும் இருமவில்லை.

எதுவும் ஒத்துவராவிட்டால் விவால்டியின் 'கோடை' வாசியுங்கள். கடைசியில் புயல் வரும், எந்தக் கணவரும் தூங்க முடியாது.

தெம்பனிஸ்வில்:

சிங்கப்பூரிலிருந்து ஒரு வேறு யோசனை. யாரும் 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' பற்றிச் சொல்லவில்லையே? 1959ல் ஷாங்காயில் ஹே ஜான்ஹாவ், சென் காங் என்ற இரண்டு மாணவர்கள் சேர்ந்து எழுதியது, யூ லீனா என்ற இளம்பெண் அரங்கேற்றினார். பழைய சீனக் காதல் கதை, கடைசியில் இருவரும் பட்டாம்பூச்சி ஆகிவிடுவார்கள். நான் எங்கள் சமூக மன்றக் குழுவில் இரண்டாம் வயலினில் உட்கார்ந்து இதை வாசித்தபோது முன் வரிசைப் பாட்டிகள் ஆரம்ப மெட்டிலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். நான் பார்த்ததில் சபை இந்த அளவுக்கு உருகிய கான்செர்ட்டோ வேறில்லை.

அக்காவுக்கு இது பொருந்தும் என்று சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. யுவே என்ற சீன இசை நாடகப் பாட்டின் குழைவைக் கொண்டுவர நிறைய இடத்தில் விரலை வழுக்கி ஏற்ற வேண்டும். மேற்கத்திய முறையில் மட்டும் படித்தவர்கள் அதைக் கூச்சப்பட்டுக்கொண்டு வாசிப்பார்கள். சின்ன வயதில் ஜாரு வாசித்த கைக்கு அது சொந்த ஊர்.

பசூன்காரர்:

தம்பி சொன்னது நல்ல துண்டு, நானும் ஒரு தடவை ஊதியிருக்கிறேன். ஆனால் ஹார்ப் வேண்டும், ட்ரோம்போன் வேண்டும், பார்ட்டுக்கு வாடகை வேண்டும். தவிர அந்தப் பாட்டிகள் அழுதது பாதி வாசிப்புக்கு, பாதி அவர்கள் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைக்கு. டாக்டரின் தேவாலயத்தில் அந்தப் பாதி இருக்காது. ப்ருக்கும் மெண்டல்சனும் அந்த ஊர்ப் பாட்டிகளுக்கு அப்படித்தான், ரேடியோவில் கேட்டுக் கேட்டுக் காதில் ஏறினது. சபைக்குப் பிடிக்கும் என்பதில் பாதி, சபைக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதானே.

டிக்கெட்வாங்கி விவால்டி சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். ஒரே சிக்கல், தந்திகளும் ஹார்ப்சிகார்டும் தவிர மற்றவர்களுக்கு வேலை இல்லை. நாங்கள் பின்னால் போய் டீ போட வேண்டியதுதான்.

இரண்டாம்வயலின்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், டீச்சர் சொன்ன சோதனையை உண்மையாகவே செய்தேன்.

மூன்று காலையிலும் மெண்டல்சன் ஆரம்பம் ஒரே மாதிரி நடுங்கியது. இரண்டாவது நாள் ஆக்டேவ் ஏற்றத்தில் சுண்டுவிரல் பாதியிலேயே வேறு ஊருக்குப் போய்விட்டது. பதிவைக் கேட்டபோது சுருதிகூட என்னை அவ்வளவாக உறுத்தவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பது அப்பட்டமாகத் தெரிந்தது, அதுதான் உறுத்தியது. நான் தினமும் நோயாளிகளிடம் மூச்சை இழுத்து விடுங்கள் என்று சொல்கிறவள். ப்ருக் அப்படி இல்லை. சுத்தமாக வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு ஆள் நின்று ஏதோ சொல்கிற மாதிரி இருந்தது. அந்தத் திறந்த ஜி தந்தியைப் பற்றி டீச்சர் சொன்னது முழு உண்மை.

கணவர் சோதனையும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு, வேண்டுமென்றே, மிகக் கடினமான சூழ்நிலையில். மெண்டல்சன் நடுப்பகுதியில் தலை சாய்ந்தது, கடைசிப் பகுதியின் ட்ரம்பெட் அழைப்பில் எழுந்து 'முடிந்ததா?' என்றார். ப்ருக்கின் நடுப்பகுதியில் கண் மூடியிருந்தது, தூக்கம் என்று நினைத்தேன், பார்த்தால் கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது. கடைசிப் பகுதியில் டபுள் ஸ்டாப் தீம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து 'இது கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கே' என்றார். எனக்கு அது போதும்.

ஆக ப்ருக். ஹார்ன் எங்களிடம் 3 பேர், நாலாவதுக்குப் பக்கத்து ஊர்க் குழுவில் ஒருவரைக் கேட்பதாக கண்டக்டர் சொல்லியிருக்கிறார். சாய்கோவ்ஸ்கி மேல் ஆசை போகவில்லை, அந்த நடுப்பகுதியை மட்டும் எனக்காகத் தனியாக வாசித்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு அசட்டுக் கேள்வி, ஆனால் இங்கே யாரைக் கேட்பது? புடவை கட்டிக்கொண்டு நின்று வாசித்தால் என்ன ஆகும்? முந்தானை விழுகிற இடது தோளில்தான் வயலினும் உட்கார வேண்டும். உட்கார்ந்து கர்நாடகம் வாசித்த காலத்தில் இந்தப் பிரச்சினையே வந்ததில்லை. அம்மா கொடுத்த காஞ்சிபுரம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் கட்ட வேண்டும் என்று எல்லோரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

மயிலாப்பூர்டீச்சர்:

அசட்டுக் கேள்வியே இல்லை, என் மாணவி ஒருத்தி பரீட்சை அறையில் இதில் மாட்டியிருக்கிறாள். பட்டு மேல் ஷோல்டர் ரெஸ்ட் (வயலினுக்கு அடியில் தோளில் வைக்கும் தாங்கி) நிற்காது, வழுக்கும். வழுக்குகிறது என்று தாடையால் அழுத்துவீர்கள், அழுத்தினால் கழுத்து இறுகும், இடது கை பொசிஷன் மாற்றும்போது சிக்கும். ஜரிகை வயலினின் பின்பக்க வார்னிஷைக் கீறவும் செய்யும்.

கட்டலாம், இப்படிக் கட்டுங்கள். முந்தானையைச் சின்ன மடிப்பாக எடுத்து தோளின் வெளி ஓரத்தில், கைக்கு மேல் விழுகிற மாதிரி இழுத்து இரண்டு ஊக்கு, ஒன்று முன்னால், ஒன்று பின்னால். எலும்பு மேல் ஊக்கு வரக் கூடாது, வயலின் உட்காரும் இடம் அது. காலர் எலும்புக்கு மேல் ஜரிகை இல்லாத ரவிக்கை, பருத்தியாக இருந்தால் உத்தமம். ஷோல்டர் ரெஸ்டுக்கு அடியில் ஒரு துண்டு ஷாமாய் தோல் வைத்துக்கொள்ளுங்கள், கார் துடைக்க விற்கிற அதே தோல்தான். வலது கைக்கு ரவிக்கை அக்குளில் தளர்வாக இருக்க வேண்டும், ஜி தந்திக்குக் கை உயரும்போது இறுக்கிப் பிடித்தால் அந்த முதல் ஸ்வரமே போச்சு. ஒத்திகைக்கு ஒரு நாளாவது அதே புடவையில் போங்கள்.

அப்புறம் கச்சேரிக்கு முன் பியானோவோடு குறைந்தது மூன்று இடத்தில் வாசித்துவிடுங்கள். முதியோர் இல்லம், நண்பர் வீடு, ஆஸ்பத்திரி ஓய்வறை, எதுவானாலும். அமெச்சூர் குழுக்களில் சோலோவுக்கு ஆர்கெஸ்ட்ராவோடு இரண்டு மூன்று ஒத்திகைதான் கிடைக்கும், அங்கே போய் முதல் தடவையாக நடுங்கக் கூடாது.

பசூன்காரர்:

ப்ருக்கா, சரி. என் 'பி' ஸ்வரம் போனது போனதுதான்.

தேதி முடிவானதும் இங்கே போடுங்கள் டாக்டர். நாலாவது ஹார்ன் கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள், எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார், சனிக்கிழமை என்றால் வருவார், ரயில் டிக்கெட்டும் நல்ல சாப்பாடும் போதும் என்பார். பிரியாணி என்று சொன்னால் ரயில் டிக்கெட்டைக்கூடக் கேட்க மாட்டார்.